தன் பதிவேட்டில் தான் எழுதலாகாது

மொத்தம் பதினோரு உறைகள் வந்திருந்தன. அவற்றுள் பத்தைப் பதிவேட்டக்கா முற்பகலுக்குள்ளாகவே உரியவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். பதினொன்றாவது உறையை என்ன செய்வதென்று புரியாமல், அதைக் கையில் ஏந்தியபடி கண்காணிப்பாளரின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த உறையின்மேல் அவருடைய பெயரே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

"உள்ள வாங்கம்மா. எல்லாருக்கும் குடுத்தாச்சா?"

"பத்துப் பேருக்குக் குடுத்தாச்சு சார். இது என்னோடது."

"சரி, எடுத்துக்கங்க."

"எடுத்துக்கலாம் சார். ஆனா இதுல கொடுத்தவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கு, பெற்றவர் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டுலயும் நானே போட்டா செல்லாது. நீங்க குடுத்தீங்கன்னா சரியா இருக்கும். சிரமம் குடுக்கிறதுக்கு மன்னிக்கணும்."

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, விளையாட்டு விழாவில் பரிசு வழங்குபவரைப் போல உறையை இரு கைகளாலும் நீட்டினார். பழக்கத்தில் "வாழ்த்துகள்" என்று வாய் வரை வந்ததை அவர் மென்று விழுங்கியது நன்றாகவே தெரிந்தது. பதிவேட்டக்காவும் இரு கைகளாலும் பெற்றுக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார். தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்த பின்னரே, எதற்காக நன்றி சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

அது குடிநீரைப் பரிசோதிக்கும் அரசு அலுவலகம். ஊர்க் கிணறுகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் எடுக்கப்பட்ட நீர், சீட்டு ஒட்டிய பாட்டில்களில் அங்கு வந்து சேரும். கீழ்த்தளத்தில் ஆய்வுக்கூடம், மேல்தளத்தில் காகிதங்கள். இனிமேல் பாட்டில்களை நேரடியாகத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிடுவது என்று முடிவாகி, முப்பத்து நான்கு பணியிடங்களில் பதினொன்று தேவையற்றவை ஆகிவிட்டன. ஒவ்வொரு பிரிவிலும் பணிக்காலம் குறைந்தவர்கள் வெளியேற வேண்டும்; உறைகளில் இருந்தது அந்த அறிவிப்பு. எழுத்தர்கள் ஐவர், அவர்களில் இருவர். அந்த இருவரில் ஒருவர், அலுவலகத்திலுள்ள அனைவருடைய பணிப்பதிவேடுகளையும் பராமரித்துவந்தவர்; அதனாலேயே பதிவேட்டக்கா என்று பெயர் பெற்றவர்.

பணிப்பதிவேடு என்பது ஓர் அரசு ஊழியரின் முழு வாழ்க்கைக் குறிப்பு. அவர் பணியில் சேர்ந்த நாள், விடுப்பு எடுத்த நாள், மாற்றலாகி வந்த நாள் எல்லாம் அதில் பதிந்திருக்கும். ஒரு வரி விடுபட்டால் ஒரு வருடமே விடுபட்டது போலாகும். பதிவேட்டக்கா முப்பத்து மூன்று பேருடைய பதிவேடுகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்தார். முப்பத்து நான்காவது அவருடையது. தன் பதிவேட்டில் தான் எழுதலாகாது என்பது விதி. ஆகவே அது மட்டும் கண்காணிப்பாளரின் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது.

மறுநாள் காலை பதிவேட்டக்கா இருக்கையில் அமர்வதற்குள் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவருக்கும் உறை வந்திருக்கிறது என்பது அனைவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பதற்கு அவரைத் தவிர ஆள் இல்லை. மருத்துவருக்கே காய்ச்சல் என்றாலும் நோயாளிகள் வரிசையில் நிற்கத்தானே செய்கிறார்கள்.

"அக்கா, நான் கோபத்துல பெற்றுக்கொண்டேன்னு எழுதாம, 'இது அநியாயம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பாதகம் இல்லையே?" என்று வண்டி ஓட்டுநர் கேட்டார்.

"அநியாயம்னு எழுதினா ஒண்ணும் ஆகாதுண்ணே. சம்மதம்னு எழுதினாத்தான் ஆகும். நீங்க அப்படி எழுதலையே?"

"சம்மதம்னு நான் கல்யாணத்துக்கே சொல்லலைக்கா."

சிலர் சிரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பாட்டில்களைக் கழுவும் பணியாளர், கைகள் ஈரமாகவே, முன்னால் வந்தார். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா மரியாதையா வெளிய வந்த மாதிரி இருக்கும்னு என் மச்சான் சொல்றாரு."

"மச்சானுக்கு வேலை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவரையே எழுதச் சொல்லுங்க. நீங்க ராஜினாமான்னு ஒரு காகிதத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க. யார் வந்து தன்மையாக் கேட்டாலும் போடாதீங்க. அவங்க அனுப்பினா ஒரு கணக்கு, நீங்களா போனா வேற கணக்கு."

பிறகு அவர் ஒவ்வொருவரிடமும் அதே செய்தியைப் பொறுமையாகச் சொன்னார். உறையைத் தூக்கி எறிய வேண்டாம், அதில் வந்து சேர்ந்த தேதி இருக்கிறது. அறிவிப்புடன் இணைத்துள்ள பணிமூப்புப் பட்டியலில் தங்கள் வருடங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் ஏழு வேலை நாட்களுக்குள் இரண்டு பிரதிகளில் ஆட்சேபம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, தம் பிரதியிலும் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத காகிதம் காகிதமே அல்ல. மனக்கசப்பில் வேலைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. கடைசி நாள் வரையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது தொண்டை வறண்டுவிட்டது.

மேசைமேல் ஒரு டம்ளர் தேநீர் வைக்கப்பட்டது. வைத்தவன் தபால் தம்பி. தபால் பிரிவில் வரும் காகிதங்களுக்கு எண் இட்டு முத்திரை வைப்பவன். வயது நாற்பதை நெருங்கினாலும், பதிவேட்டக்கா அவனை முதல் நாளிலிருந்து தம்பி என்றே அழைத்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எழுத்தர் பட்டியலில் அவருக்கு நேர் மேலே இருப்பவன் அவன்தான். அவனுக்கு உறை வரவில்லை. வராத குற்றத்துக்காக நேற்றிலிருந்து எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"குடிங்கக்கா. ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்களே, உங்க பட்டியலைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. பதினாறு வருஷம்னு போட்டிருக்கு."

"சரிதானே?"

அவர் தேநீரை ஊதிக் குடித்தார். சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தலைமை அலுவலகம் பதினாறு என்று எழுதியிருக்கிறது என்றால், அதற்கு அவர் அறியாத ஏதேனும் விதி இருக்கக்கூடும் அல்லவா? பிறருடைய பதிவேட்டில் மூன்று நாட்கள் குறைந்தாலும் நான்கு பக்கக் கடிதம் எழுதுபவர், தம்முடைய மூன்று வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குக் கூசினார்.

கூச்சப்படாத ஒருவர் வீட்டில் இருந்தார். அவருடைய கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர். சென்ற ஆண்டு உயரத்தில் நின்றபோது தலை சுற்றி விழுந்தார். தோள் ஆறிவிட்டது, தலைச்சுற்றல் ஆறவில்லை. அதன்பின் ஏணி ஏறுவதை மருத்துவர் தடுத்துவிட்டார். தரையில் நின்று எட்டக்கூடிய உயரம் வரை வீடு முழுவதையும் இரண்டு முறை பூசி முடித்துவிட்டார். அதற்கு மேலே பழைய நிறம் அப்படியே இருந்தது. மகள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடங்கள் பாக்கி.

புதன்கிழமை மாலை அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"பதினாறா? நீ வேலைக்குச் சேந்து பத்தொம்பது ஆச்சே. பாப்பா பொறக்கிறதுக்கு முன்னாடியே சேந்துட்டே."

"முதல் மூணு வருஷம் கிளை அலுவலகம். அது இப்ப இல்ல, மூடிட்டாங்க. அதைச் சேக்கலையோ என்னவோ."

"உன் புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?"

"தெரியாது."

"அடேயப்பா. யாருக்கு எந்த வருஷம் மஞ்சள் காமாலை வந்துச்சு, யாரு எத்தனை நாள் விடுப்பு எடுத்தாங்கன்னு அத்தனையும் மனப்பாடமாச் சொல்றே. உன் புத்தகம் உனக்குத் தெரியாதா?"

"அது கண்காணிப்பாளர் அலமாரியில இருக்கு."

"பாக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"எழுதக் கூடாதுன்னுதான் சட்டம். எழுதிக் கேட்டா பாக்கலாம். ஆனா நானே போய் என் புத்தகத்தைக் காட்டுங்கன்னு கேட்டா, அவங்க மேல சந்தேகப்படுற மாதிரி இருக்காதா?"

கணவர் பட்டியலை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். "இத்தனை வருஷம் நீ யாரையும் சந்தேகப்படலை. அவங்களும் ஒரு சந்தேகமும் இல்லாம உன்ன வீட்டுக்கு அனுப்புறாங்க. நல்ல மரியாதை."

வியாழக்கிழமை பதிவேட்டக்கா விண்ணப்பம் எழுதினார். 'என்னுடைய பணிப்பதிவேட்டைப் பார்வையிட அனுமதி வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் சென்றார்.

"தாராளமாப் பாருங்கம்மா. குறிப்பு எழுதி வைங்க, கையெழுத்துப் போடுறேன்."

"பணிப் பிரிவு எழுத்தர்தான் குறிப்பு எழுதணும் சார்."

"எழுதுங்க."

"அது நான்தான் சார்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். விண்ணப்பித்தவரே அனுமதிக்கலாம் என்று பரிந்துரைப்பது எந்த விதியிலும் இல்லை. இறுதியில், பணிமூப்பில் அடுத்திருக்கும் எழுத்தர் எழுதலாம் என்று முடிவாயிற்று. அடுத்திருந்தவன் தபால் தம்பி. அவன் மகிழ்ச்சியோடு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தான். அக்காவுக்குத் தேநீரைவிடப் பெரியதாக ஏதேனும் செய்யக் கிடைத்ததில் அவனுக்கு நிறைவு.

"பரிசீலிக்கலாம்னு எழுதவா, அனுமதிக்கலாம்னு எழுதவா?"

"அனுமதிக்கலாம்னே எழுதிடுப்பா. பரிசீலிக்கலாம்னா ஆறு மாசம் ஆகும்."

வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் கண்காணிப்பாளர் கூட்டங்களுக்குப் போய்விட்டார். அலமாரிச் சாவியும் அவரோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஆறாவது வேலை நாளன்று, இரும்புக் கதவு திறந்தது. பதிவேட்டை மேசைமேல் வைத்தார்கள். துணி ஒட்டிய அட்டை. முதல் பக்கத்தில், பத்தொன்பது வருடங்களுக்கு முன்பிருந்த முகம்.

"நான் தொடலாமா சார்?" என்று பதிவேட்டக்கா கேட்டார்.

"எதுக்கு வம்பு? தம்பி புரட்டட்டும், நீங்க படிங்க."

அவ்வாறே தபால் தம்பி விரலை நாவில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைப் புரட்ட, பதிவேட்டக்கா கைகளைக் கட்டிக்கொண்டு எட்டிப் படித்தார். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாம் சீராக இருந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களுக்கான பக்கம் வெறுமையாக இருந்தது. புரட்டிக்கொண்டே போனவன் பின்னட்டையின் உறைக்குள் விரலை விட்டான். மடித்த காகிதம் ஒன்று வந்தது. மூடப்பட்ட கிளை அலுவலகத்தின் பணிச் சான்று: சேர்ந்த நாள், விடுவித்த நாள், அதிகாரியின் கையெழுத்து, முத்திரை, எல்லாம் முறையாக. அதன்மேல் குண்டூசியால் குத்திய ஒரு துண்டுச் சீட்டு.

தம்பி அதை உரக்கப் படித்தான். "'கண்காணிப்பாளர் அவர்களின் மேலான பார்வைக்கு. தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பதிவு செய்தால் போதுமானது. அவசரமில்லை.' அக்கா, இது உங்க கையெழுத்துல்ல?"

அவருடையதுதான். புதிதாக வந்து சேர்ந்த மாதம். அந்தச் சான்று தபாலில் வந்து, பணிப் பிரிவுக்கு என்று அவர் மேசைக்கே வந்தது. தம் பதிவேட்டில் தாம் எழுதலாகாது. அப்போதைய கண்காணிப்பாளர் அறை மாற்றும் வேலையில் அலைந்துகொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. சீட்டெழுதிக் குத்தித் தட்டில் வைத்தார். அவசரமில்லை என்று எழுதப்பட்டதை யாரும் அவசரமாகச் செய்யவில்லை. பின்னால் வந்த நான்கு கண்காணிப்பாளர்களும் ஆண்டுதோறும் 'பணி சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

தம்பி சிரித்துவிட்டான். "பதினாறு வருஷமா நேரம் கிடைக்கலை போலிருக்கு. நல்ல ஆளுக்கா நீங்க. அப்ப உங்களுக்குப் பத்தொம்பது வருஷம். பட்டியல்ல நீங்க எனக்கு மேல போயிடுவீங்க."

"ஆமா தம்பி."

"நல்லதுக்கா. ரொம்ப..."

அவன் அங்கே நிறுத்தினான். பட்டியல் அவனுக்கும் தெரியும். ஐந்து எழுத்தர்கள், இருவர் போக வேண்டும். பத்து வருடம் ஆன இளைய எழுத்தர் ஒருவர். பதினாறோடு நின்ற பதிவேட்டக்கா இன்னொருவர். அவனுக்குப் பதினேழு. அவர் பத்தொன்பது ஆனால் அந்த இடத்துக்கு வரப்போவது யாரென்று எண்ணுவதற்கு விரல்கள்கூட வேண்டியதில்லை. அவன் பக்கங்களைச் சேர்த்து, அட்டையை மெதுவாக மூடினான். கண்காணிப்பாளர் மேசை இழுப்பறையைத் திறந்து, எதையோ தேடுபவர்போல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"கிளிப் இருக்கா சார்? இந்தச் சான்று விழுந்துடப் போகுது," என்று தம்பிதான் கடைசியில் பேசினான்.

மாலையில் பதிவேட்டக்கா வீடு வந்தபோது, கூடத்துச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. கணவர் அதன் அடியில், தரையில், சுவரில் முதுகை ஒட்டிக் கால்களை நீட்டி அமர்ந்திருந்தார். சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது.

"நாலாவது படி வரைக்கும் ஏறிட்டேன்," என்றார்.

"எதுக்கு?"

"சும்மா. முடியுதான்னு பாத்தேன்."

"முடிஞ்சுதா?"

"ஏற முடிஞ்சுது. இறங்கினது ஞாபகம் இல்ல."

பதிவேட்டக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் அமர்ந்தார். திட்டுவதற்கும் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னார், சான்று கிடைத்ததையும் அதற்குப் பிறகு தம்பியின் முகம் போன போக்கையும் சொன்னார்.

"அவன் வேணாம்னு சொன்னானா?"

"சொல்லலை. சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். கிளிப் தேடிக் குடுத்தான்."

"நீ எழுதிக் குடுக்கலைன்னா என்ன ஆகும்?"

"நான் வீட்டுல இருப்பேன். அவன் அங்க இருப்பான்."

"தினமும் தபால் எடுத்துட்டு உன் காலி நாற்காலியைத் தாண்டிப் போவான். நீ அவனுக்காகத்தான் விட்டேன்னு அவனுக்குத் தெரியும். அதை அவன் எத்தனை வருஷம் சுமப்பான்?"

"அதுக்காக அவனை வெளிய தள்ளிடலாமா?"

"நீ தள்ளலை. நீ உன் மூணு வருஷத்தைத்தான் கேக்குறே. அதுல அவன் வருஷம் ஒண்ணும் இல்ல." பிறகு ஏணியைப் பார்த்தபடி, "நான் நல்லா இருந்தா, உன் இஷ்டம் போலச் செய்னு சொல்லியிருப்பேன்," என்றார்.

வெளிச்சம் குறைந்து, சுவரில் புது நிறம் முடிந்து பழைய நிறம் தொடங்கும் கோடு மறையும் வரை இருவரும் அப்படியே அமர்ந்திருந்தார்கள்.

புதன்கிழமை ஏழாவது வேலை நாள். பதிவேட்டக்கா காலையில் ஆட்சேபக் கடிதத்தை எழுதினார். முதற்படியில் 'மன்னிக்கவும்' என்ற சொல் நான்கு இடங்களில் வந்திருந்தது. இரண்டாம் படியில் ஓர் இடமாயிற்று. மூன்றாம் படியில் அதையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தார். யாரோ திமிர் பிடித்தவர் எழுதியது போலிருந்தது. என்றாலும் செய்தி தெளிவாக இருந்தது. சான்றின் நகலை இணைத்தார். இதற்கிடையில் வண்டி ஓட்டுநருக்கும் பாட்டில் கழுவுபவருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலேயே பிற்பகல் மூன்றரை ஆகிவிட்டது.

தபால் பிரிவு என்பது தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்த ஒரு சாளரம். ஐந்து மணிக்கு அது மூடப்படும். அன்று கடைசி நாள் என்பதால் வரிசை நீண்டிருந்தது. அலுவலகத்தில் இருப்பவர் உள்ளே சென்றே கொடுத்துவிடலாம். பதிவேட்டக்காவுக்கு அது முறையாகப் படவில்லை. வரிசையின் கடைசியில் நின்றார். ஆய்வறிக்கை வாங்க வந்த ஒரு முதியவர் கால் வலிக்கிறது என்றார்; அவரை முன்னால் விட்டார். பாட்டில்களுடன் வந்த ஒரு பெண், பேருந்து போய்விடும் என்றாள், அவளையும் விட்டார். மூன்றாவதாக ஒருவர், "ஒரே ஒரு கையெழுத்துதாங்க" என்று பக்கவாட்டில் நுழைந்தார்.

"எனக்கும் ஒண்ணுதாங்க. பின்னால வாங்க," என்றார் பதிவேட்டக்கா. சொன்ன பிறகு அவருக்குக் கன்னம் சூடாயிற்று.

சாளரத்துக்கு வந்தபோது நான்கு மணி ஐம்பது. தம்பி தலை நிமிராமல் முந்தைய காகிதத்துக்கு எண் எழுதிக்கொண்டிருந்தான். மெதுவாக எழுதினான். பிறகு பேனாவைத் திருகி மூடினான்.

"இதை நாளைக்குக் குடுத்தா ஆகாதாக்கா?"

"ஆகாது தம்பி. இன்னைக்கு ஏழாவது நாள்."

"தெரியும்."

அவர் கடிதத்தைச் சாளரத்தின் பலகைமேல் வைத்துக் கையை எடுக்காமல் நின்றார். அவன் பார்க்கவில்லை. முத்திரையை எடுத்து, மைப்பெட்டியைத் திறந்து, மறுபடி மூடினான்.

"பொண்ணை இப்பதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேத்தேன். நடந்தே போயிட்டு வந்துடுவா. அதுக்காகவே வீடு மாத்தினோம்."

"தெரியும்ப்பா. முகவரி மாத்தம் நான்தான் எழுதினேன்."

"நான் சும்மா சொன்னேன்கா. உங்ககிட்ட எதுவும் கேக்கலை."

"கேட்டா என்ன? கேளு."

அவன் கேட்கவில்லை. அவர் ஏதேனும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து, எத்தனையோ பேருக்கு எத்தனையோ வார்த்தைகளைத் தேடிக் கொடுத்தவர். இப்போது கடிதத்தை மட்டும் பலகையின் விளிம்புக்கு நேராக நகர்த்தினார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். தம்பி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தான். பலகைமேல் இருந்த கையை அப்போதுதான் அவர் எடுத்தார். முத்திரை விழுந்தது. தேதியின் கீழே எண் எழுதினான்.

"நகல்லயும் போடணும்ல?"

"போடணும் தம்பி."

இரண்டாவது முத்திரையில் மை சரியாகப் படவில்லை. தேதியின் ஒரு எண் மங்கியிருந்தது. அவன் அதைக் கவனித்து, அதன் பக்கத்திலேயே இன்னொரு முறை அழுத்தி வைத்துக் கொடுத்தான். அவர் நன்றி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நகர்ந்தார்.

பதினான்கு நாட்கள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, பதிவேட்டக்காவின் அறிவிப்பு ரத்து செய்யப்பட்டது என்றது. மற்றொன்று, ஓர் உறை.

"இதை நானே குடுத்துடுறேன்மா. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்," என்றார் கண்காணிப்பாளர்.

ஒரு கணம், கொடுத்துவிடட்டும் என்றே பதிவேட்டக்காவுக்குத் தோன்றிற்று. "இல்ல சார். நான்தானே குடுக்கணும்," என்று வாங்கிக்கொண்டார்.

தம்பி அப்போது அன்றைய தபாலைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். உறையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் ஏதும் இல்லை. பேனாவை எடுத்துப் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டான். அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உறையைக் கிழிக்காமல் ஓரத்தைக் கத்தரித்துத் திறந்தான்.

"ஏழு வேலை நாள்," என்றான்.

"ஆமா தம்பி."

"என் புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்கக்கா. நான் நிரந்தரம் ஆகுறதுக்கு முன்னாடி இங்க கொஞ்ச நாள் தினக்கூலியா இருந்தேன். பயிற்சிக்கு ஒருதரம் போனேன். எங்கயாவது ஏதாவது விட்டுப்போயிருக்கும்ல? உங்களுக்கே விட்டுப்போச்சே."

"பாக்கறேன்ப்பா. இன்னைக்கே பாக்கறேன்."

உணவு இடைவேளையில் எல்லோரும் எழுந்து போன பிறகு, பதிவேட்டக்கா அவனுடைய பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். வருடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இத்தனை வருடங்களில் முதன்முறையாக, தாம் ஒரு பிழை செய்திருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பெரிய பிழையாக வேண்டியதில்லை; தம்மைத் தாண்ட இரண்டு வருடம்; ஒரு வரியை எழுத மறந்திருந்தால் போதும். தினக்கூலி நாட்கள் பதினாறாம் பக்கத்தில் இருந்தன. ஆணை எண் இருந்தது, தேதி இருந்தது, அவற்றைப் பணிக்காலத்தில் சேர்க்கச் சொல்லி, அவன் கேட்காமலேயே அவர் எழுதிப் பெற்ற அனுமதியும் இருந்தது. பயிற்சிக்குப் போன பதினோரு நாட்கள், திரும்பி வரும் வழியில் வண்டி பழுதாகித் தாமதமான ஒரு நாள் உட்பட, இருந்தன. பின்னட்டை உறைக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. தாளின் அடியில் கூட்டிப் பார்த்தார். பதினேழு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள். மீண்டும் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னாகக் கூட்டினார். அதே பதினேழு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள்.

இடைவேளை முடிந்து தம்பி வந்து மேசையருகே நின்றான். அமரவில்லை.

"இதுல ஒண்ணும் இல்லப்பா," என்றார்.

"ஒண்ணுமேவா?"

"ஒரு நாள்கூட விட்டுப்போகலை."

அவன் குனிந்து, விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தான். வரிகளுக்கு அடியில் அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் பதிவேட்டக்காவின் சிறிய கையொப்பம்.

"நீங்க எழுதினதாச்சே," என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று அவர் அவன் முகத்தைப் பார்த்தார். களைப்புத்தான் இருந்தது. "எதுக்கும் ஒரு நகல் போட்டுக் குடுங்கக்கா. வேற எங்கயாவது வேலை கேட்டுப் போனா காட்டலாம். பாக்க அழகா இருக்கு."

"ரெண்டாப் போட்டுடறேன் தம்பி. ஒண்ணு வீட்டுல வச்சுக்கோ."

பதிவேட்டை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, அவர் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த நகல் இயந்திரத்துக்குப் போனார். யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினார். இயந்திரம் சூடாவதற்கு நேரம் பிடித்தது. அறுபத்திரண்டு பக்கங்கள் இருந்தன. அவர் முதல் பக்கத்தைத் திறந்து கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்கு பச்சையாகும் வரை நின்றுகொண்டிருந்தார்.